வாத்து முட்டை அளவு பிஸ்மத்

பிஸ்மத் என்கிற உலோகத்தை உருக்கப் பெரிய உலை வேண்டியதில்லை. நிலக்கரி அடுப்பில் ஓர் இரும்புச் சட்டியை ஏற்றிவைத்தால், சோறு கொதி வருவதற்குள் அது உருகித் தண்ணீராக நிற்கும். ஹுவாங் சாய்யுன் அன்று காலை தன் வீட்டுச் சமையலறையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். சட்டியின் முகத்தில் மஞ்சளும் நீலமும் ஊதாவுமாக ஏடு படரப் படர அதைக் கரண்டியால் ஒதுக்கித் தள்ளினாள். சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருந்த செம்புக் குழாய்த் துண்டுகளில் ஒவ்வொன்றாக ஊற்றினாள்.

மற்ற உலோகங்கள் இறுகும்போது சுருங்கும். பிஸ்மத் அப்படியல்ல, உறையும் தண்ணீரைப் போல அது பருக்கும். ஈயத்தை ஊற்றியிருந்தால் ஆறியதும் குழாய்க்குள் இடைவெளி விழுந்து கடகடவென்று ஆடும். இது ஆறினால் குழாயின் உட்சுவரை நெட்டித் தள்ளிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடும். சாய்யுன் ஆறிய துண்டு ஒன்றைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். முழுச் செம்பைத் தட்டியதுபோலக் கட்டியான சத்தம். எடையும் ஏறக்குறைய செம்பின் எடைதான். காயலான் கடைக்காரர்கள் இரும்பு கலந்திருக்கிறதா என்று காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். காந்தத்தைக் கண்டால் பிஸ்மத் ஒட்டாது, முடிந்தால் கொஞ்சம் விலகிப் போகும்.

இரண்டு வாயையும் செம்பு வில்லை வைத்துத் தட்டி மூடி, சாம்பலைப் பூசித் தேய்த்தாள். பழைய குழாய்த் துண்டு ஒன்று கையில் கிடந்தது. யார் பார்த்தாலும் அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

ஒரு வாத்து முட்டை அளவு பிஸ்மத் போதும், ஐந்து டன் செம்பு பாழ். யோங்ஷிங் ஊரில் உலை வைத்திருக்கிற எவருக்கும் இது தெரியும். செம்பின் மணிகளுக்கு நடுவே அது கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பரவிவிடும். பார்வைக்குச் செம்பு செம்பாகவே இருக்கும். சூடாக்கி உருளையில் கொடுத்து நீட்டினால்தான் பிஸ்கட்டைப் போல வெடித்துத் தெறிக்கும்.

வாசலில் கெங் கிழவனின் மூன்று சக்கர வண்டி வந்து நின்று இருமியது. கெங் வாரத்துக்கு ஒருமுறை வந்து பழைய இரும்பு, செம்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறவன். செம்பை மட்டும் அவன் ஒரே இடத்தில்தான் கொடுப்பான். நெடுஞ்சாலை ஓரத்தில் லெய் தேகுவெய் வைத்திருக்கிற கம்பி ஆலையில்.

"என்னம்மா, இந்த வாரமும் குழாயா? ஊர்ல இருக்கிற குளியலறை எல்லாத்தையும் பேத்துட்டியா?"

"பழைய ஆஸ்பத்திரிய இடிக்கிறாங்கல்ல. மலிவா கிடைச்சுது."

கெங் ஒரு துண்டை எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தான். காந்தத்தை வைத்துப் பார்த்தான். சுண்டிவிட்டுக் காதில் வைத்துக் கேட்டான்.

"தடிமனான சரக்கு. லெய் முதலாளிக்கு ரொம்பப் பிடிக்கும். போன தடவையே 'இந்த மாதிரி குழாய் வந்தா வேற எவனுக்கும் குடுக்காதே, நேரா எங்கிட்ட கொண்டாந்துடு'ன்னு சொல்லிட்டாரு."

"அப்படியா சொன்னான்?"

"அவரு வாயால சொன்னாரும்மா."

"அப்ப அவனுக்கே குடு," என்றாள் சாய்யுன்.

அவள் கணவன் ஹே சோங்ஷனும் லெய் தேகுவெயும் ஒரே கிண்ணத்தில் மது குடித்துச் சகோதரச் சத்தியம் செய்துகொண்டவர்கள். இருவருமாகப் பங்கு போட்டு ஆற்றோரம் பட்டறை வைத்தார்கள். வெளியூர் ஆலைகள் கழித்துப் போடும் சேற்றை வாங்கி, அமிலத்தில் ஊறவைத்து, அதிலிருந்து வெள்ளியையும் பிஸ்மத்தையும் பிரிக்கிற தொழில். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு அதுதான் நடந்தது. சோங்ஷன் உலையைப் பார்த்துக்கொண்டான். சாய்யுன் கலவையைப் பார்த்துக்கொண்டாள். சரக்கு வாங்குவதும் விற்பதும் தேகுவெயின் வேலை. அவன் அவளை அண்ணி என்றே கூப்பிடுவான். பண்டிகைக்கு வந்தால் முதல் கிண்ணம் சோறு அவனுக்குத்தான்.

அமிலத் தொட்டிகளைச் சூடாக்க ஒரு கொதிகலன் இருந்தது. அதன் நெற்றியில் விரல் பருமனுக்கு ஒரு துளை. அந்தத் துளையை அடைத்திருப்பது பிஸ்மத்தும் வெள்ளீயமும் ஈயமும் கலந்த ஒரு சின்ன அடைப்பு. தண்ணீர் வற்றிக் கலன் அளவுக்கு மீறிச் சூடேறினால், வேறு எதுவும் உருகுவதற்கு முன்னால் அந்த அடைப்பு உருகி விழுந்துவிடும். நீராவி அதன் வழியே சீறி வெளியேறி நெருப்பையும் அணைத்துவிடும். அந்த அடைப்புக்கான கலவையைச் சாய்யுன் தன் கையால் எடை போட்டு ஊற்றுவாள். அது உருகினால் அன்று அரை நாள் வேலை நின்றுபோகும். தேகுவெய்க்கு அதுதான் பொறுக்காது.

"அண்ணி, உங்க அடைப்பு பிறந்த குழந்தை மாதிரி. தொட்டா அழுவுது," என்பான்.

"அழுதாத்தான் நீ உயிரோட வீட்டுக்குப் போவே."

பெரிய ஆர்டர் ஒன்று வந்த மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் கொதிகலன் வெடித்தது. சோங்ஷனும், அவனுக்கு உதவியாக நின்ற ட்ஸௌ என்ற தொழிலாளியும் அங்கேயே உயிரை விட்டார்கள். தேகுவெய் அப்போது வெளியே லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். சாய்யுன் ஓடி வந்தபோது கலனின் முகத்தகடு சுவரைப் பிளந்துகொண்டு மிளகாய்த் தோட்டத்தில் கிடந்தது. கணவனைத் தேடி ஓடியவள் அந்தத் தகட்டைத் தாண்டித்தான் போனாள். தாண்டும்போதே பார்த்துவிட்டாள். அடைப்பு இருக்க வேண்டிய துளையில் மஞ்சளாக ஒரு பித்தளை ஆணி மரை முறுக்கி இறுக்கப்பட்டிருந்தது. ஆணிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் அவள் அழுது முடித்துத் தலை நிமிர்ந்தபோது தகடு தோட்டத்தில் இல்லை. "பாத்தா உங்க மனசு கஷ்டப்படும்னு எடுத்துப் போட்டுட்டேன் அண்ணி," என்றான் தேகுவெய். அது அதற்குள் எந்த உலையிலோ உருகிப் போயிருந்தது.

இறுதிச் சடங்கில் ஊர் முழுக்க நிற்கும்போது அவன் சவப்பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு பேசினான். "எங்கண்ணன் தங்கமான மனுஷன். கொஞ்சம் குடிப்பாரு, அவ்வளவுதான். அன்னைக்கும் தண்ணி மட்டத்த பாக்காம விட்டுட்டாரு. நான் அவரக் குத்தம் சொல்ல மாட்டேன்." விசாரிக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னான். அடைப்பு உருகவில்லையா என்று அவர்கள் கேட்டதற்கு, அண்ணிதான் ஊற்றினார், கலவையில் ஏதாவது பிசகியிருக்கும் என்றான். சாய்யுன் பித்தளை ஆணியைப் பற்றிச் சொன்னபோது, துக்கத்தில் பெண் ஏதோ உளறுகிறாள் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ட்ஸௌவின் மனைவி யுவேலியான் தேகுவெய் சொன்னதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? புருஷன் போன வீட்டில் யார்மேலாவது கோபம் இருந்தால்தான் சோறு இறங்கும். கல்லறை பெருக்கும் திருநாளுக்கு எல்லாரும் தங்கள் குடும்பக் கல்லறைகளில் புல் செதுக்கி, காகிதப் பணம் எரித்து, பட்டாசு வெடிக்கும்போது, அவள் ஒரு கூடை அடுப்புச் சாம்பலோடு வந்து சோங்ஷனின் கல்லறைமேல் கொட்டிவிட்டுப் போவாள். ஏழு வருஷமும் கொட்டினாள். சாய்யுன் அவள் போன பிறகு துடைப்பத்தை எடுத்துக் கூட்டுவாள். சோங்ஷனுக்கு மதுவின் வாடையே ஆகாது. சகோதரச் சத்தியத்தன்று கூட உதட்டை நனைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தவன் அவன்.

தேகுவெய் பட்டறையை விற்றுவிட்டுச் செம்புக்கு மாறினான். பழைய செம்பை வாங்கி உருக்கி, கம்பியாக இழுத்து, மின் கேபிள் கம்பெனிகளுக்குக் கொடுத்தான். கறுப்பு சான்டானா கார் வாங்கினான். அவன் செம்புக்கு மாறிய செய்தி கேட்ட அன்றே சாய்யுனுக்கு வழி தெரிந்துவிட்டது. ஆனால் அவள் அவசரப்படவில்லை. முதலில் தனியாக ஒரு சின்ன உலை போட்டாள். ஊரில் அவள் பிஸ்மத்துக்குப் பேர் வந்தது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் வயிற்றுப் புண் மாத்திரைக்கு அவளிடம் வாங்கினார்கள். கூரையில் பொருத்துகிற தீயணைப்புத் தெளிப்பான் செய்கிறவர்களும் வாங்கினார்கள். அவன் ஆலை நன்றாக வளரட்டும், கடனும் கௌரவமும் நிறையச் சேரட்டும் என்று காத்திருந்தாள். கன்றுக்குட்டியை எவளாவது கசாப்புக்கு அனுப்புவாளா?

குளிர்காலம் முடிவதற்குள் கெங் செய்தி கொண்டுவந்தான்.

"லெய் ஆலையில பேய் புகுந்துடுச்சும்மா. கம்பிய உருளையில விட்டா நடுவுல படக் படக்குனு ஒடியுதாம். அனுப்பின சரக்கெல்லாம் திரும்பி வந்துட்டிருக்கு. பூசாரிய வெச்சு சேவல் அறுத்துப் பாத்தாரு."

"சேவலுக்கு என்ன தெரியும்?"

"அதான். சேவலத் தின்னுட்டு மறுநாள் பாத்தா கம்பி இன்னும் மோசமா ஒடியுது."

சாய்யுன் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். கெங் கிழவன் தன் வேடிக்கைக்குத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டான். அன்று அவனுக்கு மீன் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்து, மிளகாய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றச் சொன்னாள்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் கறுப்பு சான்டானா அவள் வாசலில் வந்து நின்றது. தேகுவெய் இளைத்திருந்தான். தோல் அங்கி தோளில் தொங்கியது.

"அண்ணி."

"வா தம்பி. உக்காரு. தேநீர் குடிக்கிறியா?"

"வயிறு சரியில்ல. கொஞ்சமா குடுங்க."

அவன் வாயைத் திறந்தபோது சாய்யுன் பார்த்தாள். நாக்கு கரி பூசியதுபோலக் கறுத்திருந்தது. வயிற்றுப் புண்ணுக்குப் பிஸ்மத் மாத்திரை தின்கிறவர்களின் நாக்கு அப்படித்தான் இருக்கும்.

"மாத்திரை சாப்பிடுறியா?"

"வருஷக்கணக்கா. இப்ப ரெண்டு மடங்கு. தூக்கமே இல்ல அண்ணி."

"சாப்பிடு, சாப்பிடு. என் உலையில வந்த சரக்கா இருந்தாலும் இருக்கும். நான் செஞ்சது உன் வயித்துக்குள்ள இருக்குன்னு நெனச்சா எனக்கும் ஒரு நிம்மதி."

அவன் அதை அன்பாக எடுத்துக்கொண்டு தலையசைத்தான். பிறகு பையிலிருந்து ஒடிந்த கம்பித் துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒடிந்த வாய் மணல் மணலாக இருந்தது.

"சாங்ஷா சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பாத்தேன். பிஸ்மத்னு சொல்லிட்டாங்க. இந்த ஊர்ல எவனோ ஒருத்தன் தன் கழிவ என் காயலான்ல கலந்து தள்ளுறான். எவன்னு தெரியல. எல்லாப் பயலையும் போய்க் கேட்டேன், சத்தியம் பண்றான். நீங்க உடைச்சுப் பாத்தாலே யார் வீட்டு சரக்குன்னு சொல்லிடுவீங்க. அப்புறம் இன்னொண்ணு. களத்துல நூத்துக்கணக்கான டன் செம்பு இந்த வியாதியோட கிடக்கு. இதுலேருந்து பிஸ்மத்த பிரிக்க வழி இருந்தா அது உங்களுக்குத்தான் தெரியும்."

"வழி இருக்கு," என்றாள் சாய்யுன்.

அவன் முகம் விரிந்தது. "தெய்வம் அண்ணி நீங்க! எனக்கு இது உயிர்ப் பிரச்சினை. பேங்க்காரன் வாசல்ல உக்காந்திருக்கான். போன மாசம் ஒரு கம்பி ஒடிஞ்சு சாட்டை மாதிரி திரும்பி, பான் வென்னு ஒருத்தன், இழுக்கிற மெஷின்ல நிக்கிறவன், அவன் கையக் கிழிச்சுடுச்சு. நரம்பே போச்சு. விரல் மடங்க மாட்டேங்குது."

சாய்யுன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். இதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அத்தனை நாளும் அந்த ஆலையைப் பற்றி நினைத்தபோதெல்லாம் அதற்குள் ஒரே ஓர் ஆள்தான் நின்றான். துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள். துடைத்து முடிப்பதற்குள் முடிவு செய்துகொண்டாள். தொடங்கியதைப் பாதியில் விட்டால் அந்தக் கை வீணாகப் போனதாகிவிடும்.

"யாரு சரக்குன்னு சொல்றேன். வழியும் சொல்றேன்," என்றாள். "அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு செய்யணும். வர்ற திருநாளுக்கு என் புருஷன் கல்லறைக்கு வா. யுவேலியான் வருவா. ஊரும் வரும். அந்தத் துளையில என்ன இருந்துச்சுன்னு நீ உன் வாயால சொல்லணும்."

தேகுவெய் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு சிரிக்க முயன்றான். "எந்தத் துளை அண்ணி?"

"அப்ப எழுந்து போ. சேவல் இன்னும் விக்கிறாங்க, வாங்கிட்டுப் போ."

"ஏழு வருஷம் ஆச்சு..."

"எனக்கும்தான் ஆச்சு."

"சின்ன வயசு. புத்தியில்லாம..."

"அத அங்க வந்து சொல்லு. எங்கிட்ட சொல்லாதே. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவன் எழுந்தான், கதவு வரை போனான், திரும்பி வந்தான். பணம் தருகிறேன் என்றான். அவள் அவன் குடித்த கோப்பையை எடுத்துப்போய் வாசலில் கொட்டினாள். கடைசியில், காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, "வர்றேன்" என்றான்.

திருநாளன்று மழை தூறி ஓய்ந்திருந்தது. மலைச்சரிவு முழுக்கக் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். காகிதப் புகையும் பட்டாசுப் புகையும் ஈர மண்ணோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்பாமல் கிடந்தன. யுவேலியான் வழக்கம்போலக் கூடையோடு ஏறி வந்தாள். சோங்ஷனின் கல்லறை முன்னால் லெய் முதலாளி நிற்பதைப் பார்த்துத் தயங்கினாள். அவனைப் பார்த்ததும் சுற்றிலும் இருந்தவர்களும் நெருங்கி வந்தார்கள். காரில் போகிறவன் சேற்றில் நின்றால் ஊருக்கு அது ஒரு காட்சிதானே.

"சொல்லு," என்றாள் சாய்யுன்.

தேகுவெய் தொண்டையைச் செருமினான். "நம்ம பட்டறையில அன்னைக்கு ஒரு சின்ன தவறு நடந்துச்சு..."

"என்ன தவறு? பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"அடைப்பு. அடைப்ப நான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டு?"

"ஒரு ஆணி போட்டேன்."

"என்ன ஆணி?"

"பித்தளை." அவன் காலால் சேற்றை நிரவினான். "ஆர்டர முடிக்கணும்னு அவசரம். நாலு நாளைக்கு மட்டும்னுதான் போட்டேன்."

"என் புருஷனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ட்ஸௌவுக்கு?"

"தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"என் புருஷன் அன்னைக்குக் குடிச்சிருந்தானா?"

தேகுவெய் தரையைப் பார்த்தான். "அண்ணன் குடிக்க மாட்டாரு. அவருக்கு வாடையே ஆகாது."

எங்கோ கீழே ஒரு சரம் பட்டாசு வெடித்து முடிந்தது. யுவேலியான் கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே முன்னால் வந்தாள். தேகுவெயின் முகத்தை மிக அருகில் போய்ப் பார்த்தாள்.

"என் வீட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் பானை மாதிரி பெரிய பன்னித்தொடை அனுப்புனியே," என்றாள். "நல்ல முதலாளின்னு என் புள்ளைங்கள உன் கால்ல விழச் சொன்னேன்."

"யுவேலியான்..."

"என் பேரச் சொல்லாதே."

அவள் கூடையைத் தூக்கி அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள். ஈரத் தலைமுடியில் சாம்பல் அப்பிக்கொண்டது. அவன் கண்ணைக் கசக்கினான். யாரோ சிரித்தார்கள், யாரோ காறித் துப்பினார்கள். யுவேலியான் காலிக் கூடையை வீசி எறிந்துவிட்டுக் கல்லறை முன்னால் முழங்காலிட்டு, முந்தைய மழையில் கல்லின் எழுத்துகளில் படிந்திருந்த சேற்றை விரலால் நோண்டி எடுக்கத் தொடங்கினாள். சாய்யுனை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வெட்கம் போலும்.

தேகுவெய் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாய்யுனின் பக்கத்தில் வந்தான்.

"சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. யாரு சரக்கு?"

"என்னோடது."

அவனுக்குப் புரியவில்லை. "என்னது?"

"கெங் கிழவன் வண்டியில வந்த குழாய். தடிமனா, தட்டினா கட்டியா இருந்துச்சே. வேற எவனுக்கும் குடுக்காதேன்னு நீதானே சொன்னே? ஒவ்வொரு குழாய்க்குள்ளயும் ஊத்தி அனுப்புனேன். நீ முழுச் செம்புன்னு வாங்கி உலையில போட்டே."

அவன் அவளுடைய கையைப் பிடித்து உலுக்கினான். "வழி. வழி இருக்குன்னு சொன்னீங்களே!"

"இருக்கு. நெருப்புல போகாது, எத்தனை தடவை உருக்கினாலும் போகாது. மொத்தத்தையும் கரைசல் தொட்டியில தொங்க விட்டு மின்சாரத்தால பிரிக்கணும். அதுக்குப் பெரிய ஆலை வேணும். உன் காரு, வீடு, ஆலை எல்லாத்தையும் வித்தாலும் அதுக்குக் காணாது. அடமானத்துல இருக்கிறத விக்கவும் முடியாது."

"போலீஸுக்குப் போவேன்டி."

"போ. நான் குழாயப் பத்திச் சொல்றேன். நீ ஆணியப் பத்திச் சொல்லு. மலையே சாட்சிக்கு வரும்."

அவன் போகவில்லை. அந்தக் கோடைக்குள் பேங்க்காரர்கள் ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள். வியாதி பிடித்த செம்பை எங்கிருந்தோ வந்த ஒரு பெரிய நிறுவனம் அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனது. தேகுவெய் தெற்கே குவாங்டாங் பக்கம் போய் யாரிடமோ கணக்குப் பார்க்கிறான் என்று கெங் சொன்னான். கெங் அதற்குப் பிறகு சாய்யுனிடம் சரக்கு எடுக்க வரவில்லை. தன்னைக் கருவியாக்கிவிட்டாள் என்று அவனுக்குக் கோபம். அந்தக் கோபம் நியாயம்தான் என்று சாய்யுனும் விட்டுவிட்டாள்.

தேகுவெயை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாப்பாடு ருசித்தது. சாம்பல் அப்பிய அந்த முகத்தை ஞாபகப்படுத்திக்கொண்டு உலைக்கு முன்னால் தனியாகச் சிரித்திருக்கிறாள். பான் வென்னின் கையை மட்டும் அவளால் தள்ளிவைக்க முடியவில்லை. அந்த ஆளை அவள் பார்த்ததே இல்லை. பார்க்காத கை ஒன்று அவள் சட்டியைத் தூக்கும்போதும் கரண்டியைப் பிடிக்கும்போதும் குறுக்கே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேயிலை விதை எண்ணெயில் கோழி வறுத்துத் தூக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு, மூடிய ஆலையின் தொழிலாளர் குடியிருப்புக்குப் போனாள். பான் வென் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுக்குமேல் இருக்காது. வலது கை மடியில் விரித்தபடி கிடந்தது. முற்றத்தில் வேலை இழந்த நாலைந்து பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும்மா?"

"நான் யோங்ஷிங்ல பிஸ்மத் உலை வெச்சிருக்கேன். உங்க கம்பி ஒடிஞ்சது என்னால. செம்புல நான்தான் கலந்தேன்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "எதுக்கு?"

அவள் சொன்னாள். கொதிகலன், ஆணி, சவப்பெட்டிமேல் கை வைத்துப் பேசியது, எல்லாவற்றையும் சொன்னாள்.

"முதலாளி எங்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா?" என்றான் கடைசியில். "என் கவனக்குறைவுன்னு சொன்னான். வேகத்த கூட்டி வெச்சுட்டு பராக்கு பாத்தேனாம். இவனுங்களும்," அவன் சீட்டாடுகிறவர்களை முகவாயால் காட்டினான், "அதையே நம்பிட்டானுங்க. என் பொண்டாட்டியும் நம்புறா. நானே சில நாள் நம்புறேன்."

சோங்ஷன்மேல் விழுந்த அதே பழி. இந்தத் தடவை அதற்கு விறகு அடுக்கியவள் சாய்யுன்.

"நான் தேகுவெய்க்குச் செஞ்சதுக்கு வருத்தப்பட மாட்டேன்," என்றாள். "பொய் சொல்ல வரல. நாளைக்கே அவன் மறுபடியும் உலை போட்டாலும் செய்வேன். ஆனா நீங்க அங்க நிப்பீங்கன்னு நான் நெனைக்கல. நெனச்சிருக்கணும்."

"நெனச்சிருந்தா நிறுத்தியிருப்பியா?"

தெரியவில்லை என்றே சொன்னாள்.

"என் உலையில வேலை இருக்கு, ஒத்தக் கையால செய்யறது," என்று அவள் தொடங்கினாள்.

"உன் உலைகிட்டயா? வேணாம் தாயே." அவன் சிரித்தேவிட்டான், கசப்பாக. "எங்கிட்ட சொன்னத அவனுங்ககிட்ட சொல்லு. சத்தமா சொல்லு. என் பொண்டாட்டி துணி துவைச்சிட்டிருக்கா, அவளையும் கூப்பிடு. கோழிய இங்க வெச்சிட்டுப் போ."

சாய்யுன் தூக்குப் பாத்திரத்தை அவன் காலடியில் வைத்துவிட்டு முற்றத்துக்கு நடந்தாள். சீட்டாடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதல் வாக்கியத்தைச் சொன்னதுமே ஒருவன் சீட்டுகளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். "எங்க வேலையும் உன்னாலதான் போச்சா?" என்று இன்னொருவன் கத்தினான். ஆமாம் என்றாள். ஒரு காலி மதுப் புட்டி அவளைத் தாண்டிப் போய்ச் சுவரில் உடைந்தது. துவைக்கிற இடத்திலிருந்து பான் வென்னின் மனைவி நுரை வழியும் கையோடு ஓடி வந்து நின்றாள்.

சாய்யுன் குரலை உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.